மகளுக்குப் பின்னால் பத்து கிலோமீட்டர்

மாடத்திக்கு முதல் சந்தேகம் வந்தது 2006 மார்கழியில் ஒரு திங்கட்கிழமை. மூன்று தடவை கூப்பிட்டு, நாலாவது தடவை போர்வையை உருவினால்தான் எழுந்திருக்கும் மூத்த மகள் பொன்மணி, அன்றைக்கு நாலே முக்காலுக்குத் தானாக எழுந்து, பல் விளக்கி, ரெட்டைச் சடையை இறுக்கிப் பின்னிக்கொண்டு வாசலில் நின்றாள். காலில் பள்ளிக்கூடத்து வெள்ளை ஷூ.

"எங்கட்டி கெளம்பிட்ட, இந்த இருட்டுக்குள்ள?"

"ஓடப் போறேம்மா. பிப்ரவரியில விருதுநகர்ல பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் வருது. பி.டி. சார் பேர் குடுக்கச் சொல்லிட்டாரு."

"பத்தாங்கிளாஸ் பரிச்சைய வச்சிக்கிட்டு ஓட்டமாக்கும்?"

"படிச்சிட்டுத்தான் ஓடுறேன்," என்று சொல்லி முடிக்கும் முன்பே பொன்மணி தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

அவள் நன்றாக ஓடுவாள் என்பது மாடத்திக்குத் தெரியாததல்ல. ஆனால் இத்தனை நாளும் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடினவள், இப்போது ஏன் ஆளில்லாத நேரத்தில் மெயின்ரோட்டில் ஓட வேண்டும்? பதினைந்து முடிந்து பதினாறு நடக்கிற பிள்ளை. தூக்கத்தை விட்டு எழுந்து வருகிற அளவுக்கு அந்த ரோட்டில் என்ன இருக்கிறது?

மாடத்தி எதையும் ஒரே பார்வையில் நம்புகிறவள் இல்லை. பாலை அடுப்பில் ஏற்றும் முன் முகர்ந்து பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுப் பத்தடி போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுக்குச் சரவெடி பின்னுகிற வேலை. திரி சரியில்லாத வெடி ஒன்று கூடையில் கிடந்தால், கண் பார்க்கும் முன்னே அவள் விரல் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். "ஒன் விரலுக்குக் கூட சந்தேகபுத்திடி," என்று பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பதினாறு வருஷமாக அவள் பின்னிய சரத்தில் ஒரு குறை என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

மறுநாள் உலையை இறக்கி வைத்துவிட்டு மகளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். காலனியின் கடைசி விளக்கு வரைக்கும் வெள்ளை ஷூ இரண்டும் தெரிந்தன. அதற்கப்புறம் இருட்டும், ரெண்டு பக்கமும் கருவேலமரமும்தான். மாடத்தி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தாள். நூறு எட்டு வைப்பதற்குள் மூச்சு தொண்டையில் வந்து நின்றது. மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

புதன்கிழமை, மகளுக்கு முன்பே எழுந்து வாசலில் நின்றாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, தான் கம்பெனிக்குப் போட்டுப் போகும் புருஷனின் பழைய சட்டையை மேலே மாட்டியிருந்தாள்.

"நானும் வாரேன்."

பொன்மணியின் முகம் சுண்டிப்போயிற்று. "நீ எதுக்கும்மா? ஒன்னால முடியாது."

"முடியுதா முடியலையான்னு ஓடிப் பாத்தாத்தான தெரியும்."

அந்த முகம் சுண்டியது போதும் மாடத்திக்கு. ஒளிக்க ஒன்றுமில்லாதவள் ஏன் சுண்ட வேண்டும்?

இப்படித்தான் முப்பத்தாறாவது வயதில் மாடத்தி ஓட ஆரம்பித்தாள். முதல் வாரம், கொஞ்சம் ஓடுவதும் கொஞ்சம் நடப்பதுமாகப் போனாள். மகள் முன்னால் போய்த் திரும்பி வரும்போது பாதி வழியில் பிடித்துக்கொள்வாள். ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தால், அதிலிருந்து ஏழே காலுக்குக் கம்பெனி வேன் வருகிற வரை அவளுக்கு நிற்க நேரமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடிக்க வேண்டும், குழம்பு கூட்ட வேண்டும், நாலு தூக்குவாளிகளில் சோறு அடைக்க வேண்டும், ரெண்டாங்கிளாஸ் படிக்கிற சின்னவளைக் குளிப்பாட்டி யூனிபார்ம் மாட்ட வேண்டும். புருஷன் முனியராஜுக்குச் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் வேலை. அது காலண்டர் சீசன்; வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கையோடு சாய்ந்துவிடுவான். அவனை எழுப்பி ஒரு குடம் தூக்கச் சொல்வதற்கும் மனசு வராது. வேனில் ஏறி உட்கார்ந்ததும் மாடத்திக்குத் தொடை ரெண்டும் விண்ணென்று தெறிக்கும். ஆனாலும் மறுநாள் நாலே முக்காலுக்கு வாசலில் நிற்பாள்.

மூன்றாவது வாரத்தில், ஓடைப்பாலம் வரைக்கும் நிற்காமல் ஓடிப் போனாள். அங்கேதான் அந்த ஆளைப் பார்த்தாள். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பக்கத்தில் டி.வி.எஸ். வண்டியை நிறுத்திவிட்டு, கையில் என்னவோ வைத்துக்கொண்டு நின்றார். நெருங்கிப் போன பிறகுதான் பி.டி. வாத்தியார் சண்முகவேல் என்று தெரிந்தது. கையிலிருந்தது ஸ்டாப் வாட்ச்.

"நீங்க எதுக்கு சார் காலங்காத்தால இங்கன வந்து நிக்கீக?" மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்.

"டைம் பாக்கத்தாம்மா. ரெண்டு மூணு பிள்ளைக ஓடுதுக."

"எங்க, எம் பிள்ளையத் தவிர ஒருத்தியையும் காணோம்?"

"மத்ததுக நாரணாபுரம் ரோட்டுல ஓடுதுக. ஆறு மணிக்கு அங்கன போவேன்." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுலருந்து ஓடியா வாரீக? நிக்காமயா?"

மாடத்தி வந்த வழியே திரும்பி ஓடினாள். அன்றைக்குக் கம்பெனிக்குப் போனதும், அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கிற ஒருத்தியிடம் விசாரித்தாள். வாத்தியார் நல்ல மனுஷன், ரெண்டு பொம்பளப் பிள்ளைக்குத் தகப்பன் என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் வாத்தியார் இல்லை. வேறு யாரோ.

பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சந்தேகத்துக்குத் தீனியாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு முன்னால் பொன்மணிக்கு எட்டு பாஸ்போர்ட் போட்டோ எடுத்திருந்தார்கள்; உறையைப் பிரித்துப் பார்த்தால் அஞ்சுதான் இருந்தது. கேட்டதற்கு, ஸ்கூலில் கேட்டார்கள் என்றாள் பொன்மணி. அடுப்படியிலிருந்து மாடத்தி எட்டிப் பார்த்தால் அப்பனும் மகளும் பேச்சை நிறுத்திவிட்டு டி.வி.யைப் பார்ப்பார்கள். ஒரு வியாழக்கிழமை முனியராஜ் சவரம் பண்ணி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறான். அதையும் அவன் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

"பள்ளிக்கூடத்துல என்ன சோலி ஒங்களுக்கு?"

"ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடணும்னாங்க."

ரேங்க் கார்டில் போன வாரமே மாடத்திதான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சீசன் நேரத்தில் ஒருமணி நேரம் பெர்மிஷன் கேட்டு வாங்கிப் போய்விட்டு, வந்து பொய்யும் சொல்கிறான் என்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது. எவனோ ஒருத்தன் பிள்ளை மனசைக் கெடுத்திருக்கிறான். பள்ளிக்கூடம் வரை தெரிந்துவிட்டது. தகப்பனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். தாய்க்குத் தெரிந்தால் ஆடிவிடுவாள் என்று மூடி மறைக்கிறார்கள். சரம் பின்னுகிற வேகத்தில் அவள் மனசு இதையும் பின்னி முடித்துவிட்டது.

பந்தயத்தைப் பற்றி விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. விருதுநகரில் ஒரு விளையாட்டு மன்றம் நடத்துகிற ஓட்டம். மைதானத்தில் புறப்பட்டு, சிவகாசி ரோட்டில் அஞ்சு கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். பார்க்க வருகிறவர்கள் மைதானத்திலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான். அப்படியானால் புறப்படுவதும் வந்து சேருவதும்தான் கண்ணுக்குத் தெரியும். நடுவில் ஒருமணி நேரம் பிள்ளை எங்கே, யாரோடு என்று யாருக்குத் தெரியும்?

ஓடைப்பாலத்தில் சண்முகவேல் சாரிடம் போய் நின்றாள். "என் பேரையும் எழுதிக்கோங்க சார்."

"நெசமாவா?"

"பதினஞ்சு வயசுக்கு மேல யாரும் ஓடலாம்னுதான நோட்டீஸ்ல போட்டிருக்கு?"

விஷயம் தெரிந்ததும் முனியராஜ் டி.வி.யை அணைத்தான். அப்புறம், "நீ எதுக்கு மாடத்தி?" என்றான், மகள் கேட்ட அதே குரலில். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையே சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் அவளுக்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தான். அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவன் கேட்காமல் வாங்கித் தந்த பொருள் என்று அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை.

பிப்ரவரியில் இரண்டாவது ஞாயிறு. அறுபத்து மூன்று பெண்கள் நின்றார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள், நாலைந்து போலீஸ்காரப் பெண்கள். மாடத்தி கூடவேலை பார்க்கிறவளிடம் இரவல் வாங்கிய சுடிதாரில், நெஞ்சில் ஐம்பத்தெட்டாம் நம்பரை ஊக்கால் குத்திக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுடிதார். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தோன்றியது. யாரும் பார்க்கவில்லை.

ஆறரைக்கு விசில் ஊதினார்கள். பொன்மணி முன்வரிசையிலிருந்து அம்பு மாதிரி போய்விட்டாள். மாடத்தி மகளுடைய சடையில் கட்டியிருந்த மஞ்சள் ரிப்பனைக் கண்ணில் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு கிலோமீட்டர் வரை ரிப்பன் தெரிந்தது. ரெண்டாவதில் மற்ற தலைகளோடு கலந்து, மூன்றாவதில் காணாமல் போயிற்று. வெயில் ஏறவில்லை, ரோட்டோரக் கடைகளில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு லோடு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. முதல் மூணு கிலோமீட்டர் வரை மூச்சு அவள் சொன்னபடி கேட்டது.

எதிர்ப்பக்கமாகப் பிள்ளைகள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். மாடத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முதலில் ஒரு போலீஸ்காரப் பெண். அப்புறம் ரெண்டு கல்லூரிப் பிள்ளைகள். மகளோடு படிக்கிற ஒருத்தி வந்தாள். அவள் எப்போதும் பொன்மணிக்குப் பின்னால் வருகிறவள்.

"பொன்மணி எங்கட்டி?"

அந்தப் பிள்ளை நிற்கவில்லை. கையை மட்டும் பின்னால் எங்கேயோ காட்டிவிட்டுப் போயிற்று.

இன்னும் ஏழெட்டுப் பேர் போனார்கள். மஞ்சள் ரிப்பனைக் காணோம். நினைத்தது சரியாகிவிட்டது. இந்த ரோட்டில் எங்கேயோ, எவனோ வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறான். ஊரே பார்க்கிற ஓட்டத்தில், ஊர் கண்ணை மறைத்துவிட்டுப் போய்விட்டாள். மாடத்தி வேகத்தைக் கூட்டினாள். விலாவில் குத்து விழுந்தது. அதையும் பொருட்படுத்தாமல் ஓடினாள்.

நாலாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்க ஒரு டெம்போ நின்றது. அதன் பின்பக்க நிழலில், தரையில் காலை நீட்டிக்கொண்டு பொன்மணி உட்கார்ந்திருந்தாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆம்பளை குனிந்திருந்தார்.

"கைய எடுங்க."

சண்முகவேல் சார் நிமிர்ந்தார். அவள் நின்ற நிலையைப் பார்த்து உடனே கையை எடுத்துவிட்டார். "கெண்டைக்கால் பிடிச்சிருச்சும்மா. ஆரம்பத்துலயே வேகத்தக் கூட்டிட்டா. பத்து நிமிஷமா நீவி விடுறேன், எளக மாட்டேங்குது." கடிகாரத்தைப் பார்த்தார். "முப்பத்தோரு நிமிஷம் ஆயிருச்சு, பொன்மணி. ஒருமணி பத்து நிமிஷத்துக்குள்ள முடிச்சாத்தான் சர்டிபிகேட். அது இல்லாம அந்த ஃபாரத்த அனுப்பி ஒரு பிரயோஜனமும் இல்ல."

"என்ன ஃபாரம்?" என்றாள் மாடத்தி.

சார் நாக்கைக் கடித்துக்கொண்டார். பொன்மணி தாயை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"திருச்சியில விளையாட்டு விடுதிம்மா. பதினொண்ணாவது அங்கனயே தங்கிப் படிக்கலாம். படிப்பும் ஓட்டமும் சேத்து."

"யாரைக் கேட்டு?"

"அப்பா கையெழுத்துப் போட்டாரு."

போட்டோவும் புரிந்தது, சலவைச் சட்டையும் புரிந்தது. மாடத்தி ஒரு பையனுக்குத் தயாராக இருந்தாள். அவன் எந்தத் தெரு, அவன் ஆத்தாளிடம் போய் என்ன பேசுவது, மகளை எத்தனை நாள் வீட்டில் வைப்பது, எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. திருச்சி அந்தக் கணக்கிலேயே இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, அங்கன எவன் இருக்கான், எவ இருக்கா, கதவு இருக்கா, சன்னல் இருக்கான்னு கேப்ப. கேட்டுக் கேட்டே போக விடாமப் பண்ணிருவ. அப்புறம் நானும் பரிச்ச முடிஞ்சதும் ஒங்கூட கம்பெனி வேன்ல ஏற வேண்டியதுதான்."

ரெண்டு பெண்கள் அவர்களைத் தாண்டி ஓடினார்கள். மாடத்தி தரையில் மண்டி போட்டு மகளுடைய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கெண்டைச்சதை கல் மாதிரி இறுகியிருந்தது. இறுக்கத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவள் விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். முடிச்சுக்கு அங்கிட்டு, கொஞ்சம் தள்ளி, பத்து நிமிஷம் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தால் போதும். நேரம் தாண்டிவிடும். சர்டிபிகேட் இல்லை, விடுதி இல்லை. பிள்ளை வீட்டோடு இருப்பாள். தாய் காலைப் பிடித்துவிட்டாள், எளகவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.

விரல்கள் முடிச்சுக்குத் தள்ளித்தான் இருந்தன. தானாக அங்கே போனதா, தான்தான் நகர்த்தினோமா என்று மாடத்திக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. பாலையும் பூட்டையும் சந்தேகப்பட்டவள், அன்றைக்கு முதல் தடவையாகத் தன்னையே சந்தேகப்பட்டாள். அது அவளுக்குத் தாங்கவில்லை.

ரெண்டு கட்டைவிரலையும் முடிச்சின் மேல் கொண்டுவந்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். பொன்மணி அலறினாள். மாடத்தி விடவில்லை. மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குள் இளகியது.

"எந்திரி."

"வலிக்கும்மா."

"வலிக்கட்டும். முன்னால ஓடு. நான் பின்னாலதான் வாரேன். திரும்பிப் பாத்தியானா தெரியும்."

பொன்மணி நொண்டிக்கொண்டே பத்தடி போனாள். இருபதடியில் நொண்டல் குறைந்தது. பிறகு ஓடினாள். மாடத்தி அவள் பின்னால் ஓடினாள். அஞ்சாவது கிலோமீட்டரில் ரோட்டு நடுவில் ஒரு தார் டிரம்மை நிறுத்தியிருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்பும்போது மகள் இருநூறு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அப்புறம் நானூறு அடி. அப்புறம் தெரியவில்லை. இப்போது அவள் கண்ணுக்குத் தெரியாதது மாடத்தியைப் பயமுறுத்தவில்லை, கோபம்தான் வந்தது. புருஷன் மேல், வாத்தியார் மேல், மகள் மேல். அந்தக் கோபம் ஏழாவது கிலோமீட்டர் வரை ஓட்டியது. எட்டாவதில் கோபம்கூட மிச்சமில்லை. கால் இருப்பதும் தெரியவில்லை. ஒருத்தன் சைக்கிளை நிறுத்தி, "அக்கா, நடந்து போங்கக்கா," என்றான். அவன் சொன்னதாலேயே அவள் நடக்கவில்லை.

பொன்மணி ஒருமணி எட்டு நிமிஷத்தில் முடித்திருந்தாள். மாடத்தி ஒருமணி பத்தொன்பது நிமிஷம். அறுபத்து மூன்று பேரில் நாற்பத்தி நாலாவது. கோட்டைத் தாண்டியதும் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

முனியராஜ் சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

"ஃபாரம் எங்கன?" என்றாள் மாடத்தி.

அவன் சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தான். வியர்வை அதன் மேல் சொட்டச் சொட்ட, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தாள்.

"காம்பவுண்டு சுவர் எம்புட்டு ஒசரம்?"

"தெரியாது."

"ஒரு ரூம்ல எத்தன பிள்ளைக?"

முனியராஜ், டெம்போவில் வந்து இறங்கியிருந்த சாரைப் பார்த்தான். சார் தரையைப் பார்த்தார்.

"கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இருக்கா? ராத்திரி காவலுக்கு ஆம்பளையா பொம்பளையா? ஒன்னும் தெரியாமத்தான் கையெழுத்துப் போட்டீகளா?"

"நீ கேப்பன்னு தெரியும்," என்றான் முனியராஜ் மெதுவாக. "எனக்குப் பதில் தெரியாது. அதான் சொல்லல."

மாடத்தி காகிதத்தை நாலாக மடித்தாள். "நான் போய்ப் பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் எதையும் அனுப்பாதீக. அங்கன யாருக்கும் சொல்லவும் வேணாம்."

அடுத்த புதன்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் மதுரை போய், அங்கிருந்து திருச்சிக்குத் தனியாகப் போனாள். விடுதி கேட்டில் நெட்டையாக ஒரு பொம்பளை நின்றாள். விடுதியைப் பார்த்துக்கொள்கிறவள். மாடத்தி வந்த காரியத்தைச் சொன்னாள்.

"யார் நீங்க?"

"ஓடுற பிள்ளையோட ஆத்தா. சிவகாசிப் பக்கம்."

"அதுக்கு என்ன அத்தாட்சி? ரேஷன் கார்டு இருக்கா? சார் லெட்டர் குடுத்திருக்காரா?"

"இல்ல. உள்ள சும்மா ஒரு எட்டு பாத்துட்டு..."

"பிள்ளைங்க இருக்கற எடம். சும்மா பாக்கவெல்லாம் விட முடியாது. உங்க வீட்டுக்காரர் எங்க? தனியா எதுக்கு வந்தீங்க?"

மாடத்தி கெஞ்சிப் பார்த்தாள். பஸ்ஸில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வந்தோம் என்று சொன்னாள். பையைத் திறந்து காட்டினாள். அந்தப் பொம்பளை பைக்குள் எட்டிப் பார்த்தாள், அப்புறமும் கேட்டைத் திறக்கவில்லை. அரைமணி நேரம் எதிர்க்கடை நிழலில் நின்று பார்த்தாள் மாடத்தி. காய்கறி வண்டிக்காரன் வந்தான். அவனையும் வெளியேயே நிறுத்தி, கூடையைக் கொட்டச் சொல்லிப் பார்த்துத்தான் உள்ளே எடுத்தாள் அந்தப் பொம்பளை. கேட்டைச் சாத்தினவள், போன வேகத்தில் திரும்பி வந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முனியராஜும் பொன்மணியும் எழுந்து நின்றார்கள்.

"உள்ள எப்பிடி இருக்கு?" என்றான் முனியராஜ்.

"அந்தம்மா என்னைய உள்ளயே விடல."

"அப்பிடின்னா?"

"ஃபாரத்தையும் பேனாவையும் எடுங்க," என்றாள் மாடத்தி. அவன் கையெழுத்துக்குக் கீழே, இடம் இல்லாத இடத்தில், தன் பேரையும் நெருக்கி எழுதினாள்.

மே மாதம் விடுதிக்கு ஆள் எடுக்க நடந்த தேர்வில் பொன்மணிக்கு இடம் கிடைத்தது. ஜூன் மாதம் டிரங்குப் பெட்டியோடு நாலு பேரும் போய் இறங்கினார்கள். கேட்டில் அதே பொம்பளை நின்றாள். மாடத்தியை அடையாளம் தெரிந்தும், தெரியாத மாதிரியே அத்தாட்சி கேட்டாள். மாடத்தி ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். அவள் அதில் இருந்த ஒவ்வொரு பேரையும் வாசித்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்து முடிக்கும் வரை மாடத்தி பொறுமையாக நின்றாள்.